கொழுப்பு எங்கே குடியேறுகிறது?

ஒரு காலத்தில் நம் புகைவண்டி நிலையங்களில் வண்ண விளக்குகள் மின்ன, சக்கரம் சுழல, எடை பார்க்கும் பெரிய இயந்திரம் ஒன்று நின்றிருந்தது. காசைப் போட்டால் சிறிய அட்டையொன்று வந்து விழும். ஒரு பக்கத்தில் நம் எடை. மறுபக்கத்தில் நம் எதிர்காலம். எதிர்காலத்தை நம்பியவர் சிலர். எடையை நம்பாதவர் எவருமில்லை. அந்த எடை பொய்யன்று. ஆயினும் அது முழுச் செய்தியும் அன்று. உடல் எத்தனை கிலோ என்பதை அந்த அட்டை சொன்னது. அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு உடலின் எந்த அறையில் குடியிருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. நோயும் நலமும் பெரிதும் இந்தக் கடைசி வினாவையே பொறுத்தவை.

இதை விளக்க, இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடல்களையே சான்றாக முன்வைத்த வேடிக்கையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒருவர் புனே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சி. எஸ். யாஜ்னிக், மற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவரும் 2004ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தங்கள் நிழற்படத்தையும் ஒரு சிறு குறிப்பையும் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3, ஒரு புள்ளியும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கை அளந்தபோது, ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! ஆங்கிலேயர் நெடுந்தூர ஓட்டக்காரர் என்பதும் ஒரு காரணமே. எனினும் அது மட்டுமே காரணமன்று என்பதுதான் அக்குறிப்பின் உட்பொருள். மெலிந்த கைகால்களும் முன்தள்ளிய வயிறுமாக நம் தெருக்களில் நாள்தோறும் நாம் காணும் உருவத்தை நினைத்துக்கொண்டால், சொல்ல வந்தது விளங்கிவிடும். ‘எனக்கென்ன, நான் ஒல்லிதானே’ என்று சொல்லிக்கொள்ளும் அந்த மனிதரைக் குறித்தே இக்கட்டுரை.

இரண்டு களஞ்சியங்கள்

உடல் தன் தேவைக்கு மிஞ்சிய உணவைக் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. பஞ்ச காலத்துக்கென ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. சேமிக்கும் இடங்களோ பல. தோலுக்கு அடியில் பரவலாகச் சேர்வது ஒன்று; தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் கிள்ளினால் கைக்கு அகப்படுவது அது. வயிற்றுத் தசைகளுக்கு உட்புறம், குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேர்வது மற்றொன்று. இது கைக்கு அகப்படாது. வயிற்றை உள்ளிருந்து முன்னே தள்ளும். இவ்விரண்டும் நிரம்பி வழியும்போது, கொழுப்புக்கு இடமே அல்லாத கல்லீரலுக்குள்ளும் கணையத்துக்குள்ளும் தசைகளுக்குள்ளும் அது ஊடுருவுகிறது.

இவை வெறும் இட வேறுபாடுகள் அல்ல என்று முதன்முதலாக வற்புறுத்தியவர், பிரான்சு நாட்டின் மார்சேய் நகர மருத்துவர் ழான் வாக். 1947இல் அவர் எழுதிய கட்டுரையில், உடலின் மேற்பகுதியில் பருக்கும் ஆண் வகைப் பருமன் என்றும், இடுப்பிலும் தொடையிலும் பருக்கும் பெண் வகைப் பருமன் என்றும் இரண்டாகப் பிரித்தார். நீரிழிவும் இரத்தக் குழாய் நோய்களும் முதல் வகையையே நாடி வருகின்றன என்றார். அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் சிலரே. 1984இல் சுவீடன் நாட்டு கோத்தன்பர்க் நகரிலிருந்து வந்த ஆய்வே அவருடைய கூற்றுக்கு வலுவூட்டியது. 1913இல் பிறந்த 792 ஆண்களை அவர்களுடைய 54ஆம் வயதில் அளந்து, 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். யாருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடும் என்பதை எடையைக் காட்டிலும், வயிற்றுச் சுற்றளவுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் உள்ள விகிதமே தெளிவாகக் காட்டிற்று. தையற்காரரின் நாடா, மருத்துவரின் தராசை வென்றுவிட்டது எனலாம்.

காரணம் என்ன? குடலைச் சூழ்ந்த கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி, பொது இரத்த ஓட்டத்தில் கலந்து நீர்த்துப்போகாமல், கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயின் வழியே நேரே கல்லீரலை அடைகிறது. கல்லீரல் கொழுப்பேறினால் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. வேண்டாத வேளையிலும் இரத்தத்தில் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கிறது. இதற்கு மாறாக, தொடையில் தங்கும் கொழுப்பு அமைதியான குடித்தனக்காரர். தான் உண்டு, தன் இடம் உண்டு என்றிருப்பது மட்டுமன்றி, இரத்தத்தில் உலவும் மிகைக் கொழுப்பை வாங்கிப் பூட்டிவைத்தும் கொள்கிறது.

சப்பான் நாட்டுச் சுமோ மல்லர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாள்தோறும் பல ஆயிரம் கலோரி உணவை உண்டு மலைபோல் பருத்திருந்தும், கடும் பயிற்சியில் இருக்கும் வரையில் அவர்களுடைய கொழுப்பின் பெரும்பகுதி தோலுக்கு அடியிலேயே இருப்பதை சி.டி. ஸ்கேன் படங்கள் காட்டின. இரத்தச் சர்க்கரையும் பெரும்பாலும் கட்டுக்குள் இருந்தது. மறுபுறம், அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலின் கீழிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோ கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தனர். 2004இல் முடிவு வெளியாயிற்று: உருவம் மாறியது, எடை குறைந்தது, இன்சுலினின் செயல்திறனோ, இரத்த அழுத்தமோ, இரத்தக் கொழுப்போ சிறிதும் சீரடையவில்லை. எடுத்தது பத்துக் கிலோவே ஆயினும், எடுக்க வேண்டிய இடத்திலிருந்து எடுக்கவில்லை!

பிறவியில் வந்தது எவ்வளவு?

உணவைப் பற்றிப் பேசுமுன், உணவின் கையில் இல்லாதவற்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆணா பெண்ணா என்பது முதற்காரணம். பெண்களின் உடல், கருவுறுதலுக்கும் பாலூட்டுதலுக்கும் ஆயத்தமாக, இடுப்பிலும் தொடையிலும் சேமிக்கிறது. மாதவிடாய் நின்ற பின் அந்தக் காப்பு தளர்ந்து, கொழுப்பு வயிற்றை நோக்கி இடம்பெயர்கிறது. ‘முன்போலத்தான் சாப்பிடுகிறேன், சேலைதான் சுற்ற மாட்டேன் என்கிறது’ என்று நம் தாய்மார்கள் கூறுவது வெறும் சாக்கன்று.

மரபின் பங்கும் பெரிது. கனடா நாட்டு கியூபெக்கில் குளோது பூஷார் என்பவரும் அவருடைய குழுவினரும் உருவொத்த இரட்டையரான இளைஞர் 12 இணையரைத் தேர்ந்து, நூறு நாள் கால அளவில் 84 நாள்கள் நாளொன்றுக்கு ஆயிரம் கலோரி மிகையாக உண்ணச் செய்தனர். 1990இல் வெளிவந்த முடிவு வியப்பூட்டியது. எல்லாரும் ஒரே அளவு மிகையாக உண்டும், ஒருவர் 4.3 கிலோ மட்டுமே கூடினார், வேறொருவர் 13.3 கிலோ கூடினார். ஆனால் இரட்டையருள் ஒருவர் எவ்வளவு கூடினாரோ, ஏறக்குறைய அவ்வளவே மற்றவரும் கூடினார். அதிலும், வயிற்றினுள் எவ்வளவு சேர்ந்தது என்பதில்தான் இரட்டையர் மிக நெருக்கமாக ஒத்திருந்தனர்.

அப்படியானால் எல்லாம் தலையெழுத்துதானா என்று வாசகர் கேட்கலாம். அன்று. மிகையாக உண்டால் எங்கே சேரும் என்பதற்கு மரபு ஒரு சாய்வை ஏற்படுத்துகிறது. மிகையாக உண்ணச் சொல்லவில்லை. மேலும், அந்தச் சோதனையில் அனைவர்க்கும் ஒரே வகை உணவே அளிக்கப்பட்டது. உணவின் அளவு மாறாமல் வகை மட்டும் மாறினால் என்ன நேரும்? அந்த வினாவுக்கு விடை வேறொரு நாட்டில், ஒரு தட்டு கேக்கின் வடிவில் கிடைத்தது.

உப்சாலா நகரின் கேக்குகள்

சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தினர், பருமனற்ற 39 இளைஞரையும் இளம்பெண்களையும் அழைத்து, ஏழு வாரங்களுக்கு வழக்கமான உணவுடன் ‘மஃபின்’ எனப்படும் சிறு கேக்குகளையும் நாள்தோறும் உண்ணச் சொன்னார்கள். எல்லாக் கேக்குகளும் ஒரே தோற்றம், ஒரே இனிப்பு. மாவும் சர்க்கரையும் புரதமும் ஒரே அளவு. ஒன்றே ஒன்றுதான் வேறு. ஒரு சாராரின் கேக்கில் பாமாயில். மறுசாராரின் கேக்கில் சூரியகாந்தி எண்ணெய். யாருக்கு எது என்பது உண்டவருக்கும் தெரியாது. ஒவ்வொருவருடைய எடையையும் கவனித்து, இரு சாராரும் ஒரே அளவு எடை கூடும்படி கேக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தனர்.

ஏழு வார முடிவில் இரு சாராரும் சராசரியாக 1.6 கிலோ கூடியிருந்தனர். அந்தப் பழைய புகைவண்டி நிலைய இயந்திரத்தில் அவர்களை ஏற்றியிருந்தால், இரு சாராருக்கும் ஒரே அட்டையைத்தான் கொடுத்திருக்கும். எம்.ஆர்.ஐ. படமோ வேறு கதை சொல்லிற்று. பாமாயில் உண்டவர்களின் கல்லீரலில் கொழுப்பு குறிப்பிடத்தக்க அளவு ஏறியிருந்தது. வயிற்றினுள் சேர்ந்த கொழுப்பு, சூரியகாந்தி எண்ணெய் உண்டவர்களுக்குச் சேர்ந்ததைப்போல் இரு மடங்கு. சூரியகாந்திப் பிரிவினருக்கோ, கூடிய எடையில் கொழுப்பல்லாத உடற்பகுதியின் வளர்ச்சி மற்றவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இம்முடிவுகள் 2014இல் வெளியாயின. பின்னர் அதே குழுவினர் பருமனானவர்களைக் கொண்டு எட்டு வாரச் சோதனையொன்றும் நடத்தி 2019இல் வெளியிட்டனர். அதிலும் பாமாயில் பிரிவினரின் கல்லீரல் கொழுப்பு ஏறத்தாழ பாதிப் பங்கு கூடியது. சூரியகாந்திப் பிரிவினர் அதே அளவு எடை கூடியும் அவர்களுடைய கல்லீரலில் கொழுப்பு ஏறவில்லை.

இதைப் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பாமாயிலை வாசலில் கொட்டிவிட வேண்டாம். நியாயவிலைக் கடையில் கிடைக்கும் பாமாயிலால்தான் தமிழகத்தில் எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. ஏழைக் குடும்பத்தாரை நோக்கி, விலை கூடிய எண்ணெயை வாங்குங்கள் என்று எழுதுவது எளிது, வாங்குவது எளிதன்று. நினைவில் கொள்ளவேண்டியவை வேறு. முதலாவது, சோதனையில் கலந்துகொண்ட அனைவரும் மிகையாக உண்டவர்கள். தேவைக்கு மிஞ்சாமல் உண்பவரின் உடலில் சேமிப்புக்கே இடமில்லை. இரண்டாவது, பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பாமோலினில் அது சற்றுக் குறைவு. நெய், வெண்ணெய் ஆகியவற்றிலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. ஆகவே எந்த எண்ணெயாயினும் தாளிக்க ஒரு கரண்டி என்பதும், வாணலி நிறைய ஊற்றி மாலைதோறும் பலகாரம் பொரிப்பது என்பதும் ஒன்றல்ல. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நம் முன்னோர் அடுப்பில் இருந்தவையே. அவற்றில் நிறைவுறாக் கொழுப்பே மிகுதி.

வனஸ்பதி என்னும் கட்டிக்கொழுப்பைப் பற்றியும் ஒரு சொல். தாவர எண்ணெயை ஐதரசன் ஏற்றி இறுகச் செய்யும்போது ‘டிரான்ஸ்’ கொழுப்பு உண்டாகிறது. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தார் குரங்குகளுக்கு ஆறு ஆண்டுகள் இத்தகைய கொழுப்பைக் கொடுத்துப் பார்த்தனர். கலோரி அளவு ஒன்றே. ஆயினும் டிரான்ஸ் கொழுப்பு உண்ட குரங்குகள் 7.2 சதவீதம் எடை கூடின, மற்றவை 1.8 சதவீதமே கூடின; கூடிய கொழுப்பும் வயிற்றையே நாடியது. 2022 சனவரி முதல் நம் நாட்டில் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இதன் அளவு 2 சதவீதத்துக்கு மேல் இருத்தல் ஆகாது எனச் சட்டம் உள்ளது. நல்ல சட்டம். ஆனால் பலமுறை கொதித்துக் கறுத்த எண்ணெயில் பொரிக்கும் தெருமுனைக் கடைகளுக்கு அந்தச் சட்டம் எந்த அளவு எட்டுகிறது என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

இனிப்பு போகும் வழி

கொழுப்பு உண்டால்தான் கொழுப்பு சேரும் என்று எண்ணுவோர் பலர். சர்க்கரையின் வழி இன்னும் சூழ்ச்சி மிக்கது. நாம் வழங்கும் வெள்ளைச் சர்க்கரை, குளுக்கோசும் பழச்சர்க்கரையும் சரிபாதியாக இணைந்தது. குளுக்கோசை உடலின் எல்லா உறுப்புகளும் எரித்துக்கொள்ளும். பழச்சர்க்கரையின் பெரும்பகுதியோ கல்லீரலுக்கே போகிறது. மிகையாக வந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாகவே மாற்றத் தொடங்குகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், பருமனான ஆண் பெண்களுக்குப் பத்து வாரங்கள், மொத்தக் கலோரியில் கால் பங்கை இனிப்புப் பானமாகவே கொடுத்தனர். ஒரு சாராருக்குக் குளுக்கோஸ் பானம், மறுசாராருக்குப் பழச்சர்க்கரைப் பானம். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவு எடை கூடினர். குளுக்கோஸ் குடித்தவர்களுக்குப் பெரும்பாலும் தோலடியில் சேர்ந்தது. பழச்சர்க்கரை குடித்தவர்களுக்கு வயிற்றினுள் சேர்ந்தது. இது வெளிவந்தது 2009இல்.

2012இல் டென்மார்க் நாட்டார் செய்த சோதனை இன்னும் நம் வாழ்க்கைக்கு நெருக்கமானது. 47 பேரை நான்கு பிரிவாக்கி, ஆறு மாதம், நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம், ஒரு பிரிவினர்க்குச் சர்க்கரை சேர்ந்த கோலா பானமும், ஒரு பிரிவினர்க்குப் பாலும், ஒரு பிரிவினர்க்குச் சர்க்கரையில்லாக் கோலாவும், ஒரு பிரிவினர்க்கு வெறும் தண்ணீரும் கொடுத்தனர். உடலின் மொத்தக் கொழுப்பில் பிரிவுகளிடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சர்க்கரைக் கோலா குடித்தவர்களுக்கு மட்டும் கல்லீரலிலும் வயிற்றினுள்ளும் தசைகளுக்குள்ளும் கொழுப்பு ஏறியிருந்தது. பாலிலும் கலோரி உண்டு; எனினும் பால் அவ்வாறு செய்யவில்லை. கல்யாண வீடுகளில் வண்ண வண்ணமாய் வரிசையில் நிற்கும் புட்டிகளைக் குழந்தைகளுக்கு எடுத்துக் கொடுக்கும் பெரியவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

‘வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டோம், இப்போது நாட்டுச் சர்க்கரைதான்’ என்று நிறைவுடன் கூறுவோர் பெருகிவருகின்றனர். வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் சிறிதளவு தாது உப்புகள் இருப்பது மெய்யே. ஆயினும் அவற்றிலும் பெரும்பகுதி அதே கரும்புச் சர்க்கரைதான். கல்லீரலுக்கு நிறம் தெரியாது. தேனும் விதிவிலக்கன்று. பழங்களின் நிலை வேறு. கொய்யாவைக் கடித்துத் தின்னும்போது சர்க்கரை சிறிதாகவும் மெதுவாகவும், நார்ச்சத்தின் துணையோடும் வருகிறது. வயிறும் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. அதே பழங்களைப் பிழிந்து, வடிகட்டி, சர்க்கரையும் சேர்த்துப் பருகும்போது, பழம் என்ற பெயர் மட்டுமே மிஞ்சுகிறது.

மதுவைக் குறித்துச் சுருக்கமாகவே சொல்லலாம். மது உள்ளே வந்ததும் உடல் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முதலில் அதை எரிக்கிறது. உடன் உண்ட கொழுப்பு எரியாமல் ஒதுக்கப்படுகிறது. குடிப்பவரின் வயிற்றையும் கல்லீரலையும் பற்றி அவர் வீட்டாருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் தட்டில் இருப்பது

இந்தியா முழுவதும் 1,13,043 பேரை நேரில் கண்டு அளந்த மருத்துவ ஆய்வொன்றின் முடிவு 2023இல் வெளிவந்தது. எடைக் குறியீட்டின்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம்; வயிற்றுச் சுற்றளவின்படி பருமனானவர்களோ 39.5 சதவீதம். இவ்விரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள இடைவெளியில்தான் தராசை மட்டும் நம்பியிருக்கும் நம்மவர் கோடிக்கணக்கில் நிற்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025இல் வெளியான கணக்கின்படி, இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கோ மிகச் சிறிது. சென்னையில் முன்னரே நடந்த ஓர் ஆய்வு, தீட்டிய அரிசி போன்ற தானியங்களை மிகுதியாக உண்பவர்களின் வயிற்றுச் சுற்றளவும் மிகுதியாயிருப்பதைக் கண்டது. சோறு நமக்குப் பகையன்று. தலைமுறை தலைமுறையாக நம்மை வளர்த்தது அது. ஆனால் ஏர் உழுதவனும் நாற்று நட்டவளும் உண்ட அளவுச் சோற்றை, நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதுபவரும் உண்ணும்போது எரிய வழியில்லாத மாவுச்சத்து இன்சுலினைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. எரிய வேண்டிய கொழுப்பும் எரியாமல் நிற்கிறது. நம் வீடுகளில் தட்டின் நடுவே மலைபோல் சோறும், அதன் அடிவாரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் இருக்கின்றன. இந்த இரண்டும் இடம் மாறிக்கொள்ள வேண்டும் என்றுகூட நாம் சொல்லவில்லை. மலை சற்றுத் தணிந்து, பருப்பும் சுண்டலும் கீரையும் மீனும் முட்டையும் சற்று உயர்ந்தால் போதும்.

கரையும் நார்ச்சத்துக்கு இதில் தனி மதிப்பு உண்டு. அமெரிக்காவில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வில், நாள்தோறும் உண்ணும் கரையும் நார்ச்சத்து பத்து கிராம் கூடும்போது, வயிற்றினுள் சேரும் கொழுப்பின் வளர்ச்சி 3.7 சதவீதம் குறைவாக இருந்தது. தோலடிக் கொழுப்பிலோ அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. பயறு, பட்டாணி, மொச்சை, அவரை, வெண்டை, கொய்யா ஆகியவற்றில் இச்சத்து உண்டு. விலையுயர்ந்த பொடிகளைப் புட்டியில் வாங்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

தாய் உண்பதும் சேய் சேர்ப்பதும்

புனே மருத்துவர் யாஜ்னிக்கின் கதைக்கு மீண்டும் வருவோம். அவருடைய குழுவினர் புனே அருகிலுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளுடன் ஒப்பிட்டு 2003இல் எழுதினர். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. நம் குழந்தைகள் எல்லாவற்றிலும் சிறியவர்கள். தசை குறைவு, வயிற்றின் சுற்றளவு குறைவு. கொழுப்பில் மட்டும் அந்த அளவு குறைவில்லை! உடலைக் கட்டுவதற்குப் போதிய பொருள் கிடைக்காதபோதும், கொழுப்பு மட்டும் விட்டுக்கொடுக்காமல் தன் பங்கைப் பெற்றுவிட்டது. பின்னர் 2009இல், புனேயிலும் இலண்டனிலும் பிறந்த குழந்தைகளை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபோது, எடை குறைந்த புனேக் குழந்தைகளின் வயிற்றுப் பகுதியில்தான் கொழுப்பு மிகுதியாக இருந்தது. ஒல்லியாய்ப் பிறந்து உள்ளே கொழுத்திருக்கும் இந்த நிலை, பள்ளிப் பருவத்திலன்று, தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது என்று பொருள்.

அந்தச் சிற்றூர்த் தாய்மாருள், கருவுற்ற காலத்தில் கீரையும் பழமும் பாலும் அடிக்கடி உண்டவர்களின் குழந்தைகள் நன்கு வளர்ந்து பிறந்தன என்பதையும் அவ்வாய்வு கண்டது. இவ்விடத்தில் நம் இல்லங்களின் பழக்கமொன்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலவில்லை. பந்தி முடிந்து, பிள்ளைகள் உண்டு, ஆண்கள் உண்டு, மிஞ்சிய சோற்றில் மிஞ்சிய குழம்பை ஊற்றி, கறி தீர்ந்துபோன சட்டியை வழித்து உண்பவள் அந்த வீட்டு மருமகள், அவளே கருவுற்றிருப்பவளும். வயிறு நிறைகிறது, சத்து நிறைவதில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவள் மகன் நீரிழிவு மருந்து வாங்க வரிசையில் நிற்கும்போது, அதற்கும் அந்தச் சட்டிக்கும் உள்ள தொடர்பை யாரும் எண்ணுவதில்லை. மெலிந்து பிறந்த பிள்ளையைத் ‘தேற்றுவதற்காக’ பிஸ்கோத்தும் இனிப்பும் திணித்து, இரண்டே ஆண்டில் கொழுகொழுவென்று ஆக்குவதும் இதற்குப் பரிகாரம் ஆகாது. வேண்டுவது முட்டையும் பயறும் பாலும் ஓடியாடும் விளையாட்டும்.

முதலில் வெளியேறுவது

வயிற்றை மட்டும் குறைக்க வழி உண்டா என்று கேட்பவர்கள் பலர். வயிற்றுத் தசைகளுக்கு எத்தனை பயிற்சி செய்தாலும், அந்தத் தசைகள் உறுதிபெறுமேயன்றி, அவற்றின் மேலோ உள்ளேயோ இருக்கும் கொழுப்பு அந்த இடத்திலிருந்து தனியே கரைவதில்லை. தொப்பையைக் கரைக்கும் தைலம், பட்டி, தேநீர் என்று விற்கப்படுபவை விற்பவரின் பையையே பெருக்கும்.

ஆனால் ஓர் ஆறுதலான செய்தி உண்டு. உள்ளே சேர்ந்த கொழுப்பு சேருவதில் விரைவு கொண்டதுபோலவே வெளியேறுவதிலும் விரைவு கொண்டது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மருத்துவர் ராய் டெய்லர், நீரிழிவு தோன்றிச் சில ஆண்டுகளே ஆன சிலரை, எட்டு வாரங்கள் நாளொன்றுக்கு 600 கலோரி மட்டுமே உள்ள உணவில் வைத்தார். 2011இல் வெளியான முடிவின்படி, ஏழே நாள்களில் கல்லீரல் கொழுப்பு கணிசமாகக் குறைந்து, காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்தது. பிறகு வாரம் வாரமாகக் கணையத்தின் கொழுப்பும் இறங்கி, இன்சுலின் சுரப்பும் மீண்டது. இடுப்பிலும் தொடையிலும் இருப்பது கடைசியாகவே அசைகிறது. மருத்துவர் பக்கத்திலிருந்து நடத்திய கடும் உணவுமுறை அது. மாத்திரை உட்கொள்பவர்கள் தாமாகவே வீட்டில் செய்து பார்த்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். எனினும், தசைக்கு வேலை கொடுத்து, உணவைச் சற்றுக் குறைத்து, மூன்று நான்கு கிலோ இறங்குபவருக்குக்கூட, கண்ணாடியில் வேறுபாடு தெரியுமுன்பே உள்ளே வேறுபாடு நிகழ்ந்துவிடுகிறது.

ஆகவே இல்லந்தோறும் ஒரு தையல் நாடா இருத்தல் நலம். காலையில் உண்ணுமுன், நிமிர்ந்து நின்று, மூச்சை இயல்பாக வெளிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, நாடா தோலில் அழுந்தாமல் சுற்றி அளக்க வேண்டும். வேட்டி கட்டும் இடத்தில் அளக்கலாகாது. தொந்தி உள்ளவர்கள் வேட்டியை அதற்குக் கீழேதான் கட்டுவார்கள். இந்தியருக்கென வகுத்த வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனவர்கள், எடை எவ்வளவாக இருந்தாலும், இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடுத்த வாரமே பார்த்துக்கொள்வது நல்லது.